பவுலின் பெயரில் ஒரு பூசை

இறந்தவர்களின் பெயர்களுக்கு நடுவே பவுலின் தன் பெயரைக் கேட்டாள்.

காணை கிராமத்துக் கோயிலில் விடியற்காலைப் பூசை. வயல்வெளிப் பனி திறந்த கதவு வழியே உள்ளே வந்து, மெழுகுவர்த்திகளைச் சுற்றித் தயங்கி நின்றது. இரவெல்லாம் தூங்காத கண்கள் சொருகிய நேரம். யார் யாருக்காக இந்தப் பூசை என்று பீடத்தில் பங்குத்தந்தை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னொருவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. பிறகு, டாக்டர் பவுலின்.

செத்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தாள். பயமாக இல்லை. உடம்பு லேசாக இருந்தது.

"...அவர்களுக்கு நிரந்தர வேலை கிடைக்கும்படியாக" என்று முடித்தார் தந்தை.

விழித்துக்கொண்டாள்.

குடும்ப மருத்துவத்துக்கென்றே மூன்று வருடம் தனியாகப் பயிற்சி பெற்றவள். பிறந்த குழந்தைக்கும் அவள்தான் டாக்டர், அதன் தாத்தாவுக்கும் அவள்தான். ஆனால் இங்குள்ள சிறிய மருத்துவமனையில் அவளுக்கு வருடாவருடம் ஒப்பந்தம்தான். அதுவும் இந்த மாதத்தோடு முடிகிறது.

திண்டிவனத்தில் ஒரு நிரந்தர இடம் இருந்தது. அங்கே போனால், வாராவாரம் ஸ்கூட்டரில் போய்ப் பார்க்கும் வீடுகள் விட்டுப்போகும். அந்த இடத்துக்குக் கேட்டிருப்பதை அவள் ஒரே வீட்டில்தான் வாய்தவறிச் சொல்லியிருந்தாள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மரியஅந்தோணியின் வீட்டில்.

பூசை முடிந்ததும் அவர் மனைவி பாக்கியமேரி முக்காட்டை இறக்கியபடி வந்தாள்.

"ஐயோ, கேட்டுட்டீங்களா டாக்டரம்மா! ஞாயித்துக்கெழமைகூட ஒழுங்கா வராத ஆளு, இன்னைக்குன்னு பாத்து வந்து குந்திக்கினு இருக்கீங்க."

"வேலை கெடைச்சா நான் போயிடுவேன்க்கா. அண்ணனை யாரு பாப்பாங்க?"

"தெரியாமலா பூசைக்குக் குடுத்தேன்? அவருக்கு நல்ல டாக்டரா வரணும்னு நாளைக்குத் தனியா ஒரு பூசை இருக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல கேட்டா ஆண்டவருக்கும் பேஜாரு இல்ல?"

சிரித்துக்கொண்டே பவுலினின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். புருஷனின் காலில் தேய்த்த எண்ணெய் வாசனை அந்த விரலில் இன்னும் இருந்தது.

வெளியே, விழுப்புரம் போகும் பேருந்து பனிக்குள் கரைந்து போனது.

திண்டிவனத்துக்குப் பவுலின் நேற்று மாலையே 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டிருந்தாள். அதை இந்த அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று ஆண்டவரிடம் கேட்கத்தான், விடியுமுன் கோயிலுக்கு வந்திருந்தாள்.