அவரு என்ன சொல்றாரு?

"ஒரு துண்டுச் சதையைப் பார்த்து இருக்கு, இல்லைன்னு சொல்ல இத்தனை நாளா? மனுஷங்கதானா நீங்கள்லாம்?"

கவுன்ட்டரில் நின்று கத்தினார் அந்த மனிதர். அவர் மனைவிக்குக் கழுத்தில் கட்டி. லிம்போமா என்கிற புற்றுநோய். நோயை அடித்து விரட்ட வேண்டிய அணுக்களே நோயாகிப் போவது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

பழைய மருந்து எதுவும் கேட்கவில்லை. பாக்கி இருப்பது ஒரே ஒரு புது மருந்து. கெட்ட அணுக்களின் மேல் ரிசெப்டர் என்று ஒன்று இருந்தால், மருந்து அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். இல்லாவிட்டால் கொடுத்தும் பிரயோஜனமில்லை. இருக்கிறதா, இல்லையா என்று லேப்தான் சொல்ல வேண்டும்.

"இன்னிக்கு வந்துடும் சார்" என்று சமாளித்துவிட்டு உள்ளே ஓடினாள் டெக்னீஷியன். லேப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை.

"மேடம், சாயம் போட்டாச்சு. நிறமே ஏறலை. ரிசெப்டர் இல்லைன்னு எழுதிக் கொடுத்துடலாம். பாவம், அந்த ஆளு வெளியே உயிரை விடறாரு."

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவரு என்ன சொல்றாரு?"

ஆரம்பிச்சாச்சுடா சாமி, என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள் வாயாடி.

'அவரு' என்பது ஆளில்லை. ஒவ்வொரு ஸ்லைடிலும் நோயாளியின் துண்டுக்குப் பக்கத்தில் வைக்கிற இன்னொரு துண்டு. ரிசெப்டர் உண்டு என்று முன்பே தெரிந்த, யாரோ ஒரு பழைய நோயாளியின் கட்டி. அதில் நிறம் ஏறினால்தான் சாயம் ஒழுங்காக வேலை செய்தது என்று அர்த்தம். ஊரெல்லாம் அதை கன்ட்ரோல் என்று சொல்லும். டாக்டரம்மாவுக்கு மட்டும் 'அவரு'.

அந்தக் கட்டியை மெழுகில் பதித்து வைத்த கட்டையைத் தன் டிராயரில் பூட்டி வைத்திருப்பார். ஸ்லைடுக்காகச் சீவும்போது யாராவது ஒரு சீவல் கூடுதலாக எடுத்துவிட்டால் முகம் சுண்டிவிடும். சதைத் துண்டில் போயா கஞ்சத்தனம் என்று கேன்டீனில் எல்லாரும் சிரிப்பார்கள். முதலில் சிரிப்பவள் வாயாடிதான்.

குனிந்து பார்த்தாள். "அவரும் வாயைத் திறக்கலை மேடம். வெளுத்துப் போய் உக்காந்திருக்காரு."

"அப்ப அந்தம்மாவுக்கு இல்லைன்னு நாம எப்படிச் சொல்றது? சாயத்துல ஏதோ கோளாறு. புதுசாக் கலந்து இன்னொரு தடவை பண்ணு."

"பண்ணலாம். ஆனா அவருகிட்ட இன்னும் ஒரே ஒரு சீவல்தான் மிச்சம். ஸ்டோர்ல வேற கட்டை நிறைய இருக்கே, அதுல ஒண்ணைப் போடட்டுமா?"

"அதெல்லாம் தொட்டாலே நிறம் ஏறிடும். சாயம் அரைகுறையா இருந்தாலும் ஆமாம் போடும். அவரு பிடிவாதக்காரரு. எல்லாம் சரியா இருந்தாத்தான் வாயைத் திறப்பாரு."

டிராயரைத் திறந்து கட்டையை எடுத்தார். கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியான கருமி, என்று நினைத்துக்கொண்டாள் வாயாடி.

"வெட்டும்மா. தீர்ந்தா தீரட்டும். பாத்து, கிழிஞ்சுடப் போகுது."

சாயங்காலம் லேப்பே அதிரும்படி கத்தினாள் வாயாடி. "மேடம், அவரு பேசிட்டாரு!"

டாக்டரம்மா ஓடி வந்து குனிந்து பார்த்தார். அவரு மேல் பழுப்பாக நிறம் ஏறியிருந்தது. பக்கத்தில் நோயாளியின் துண்டு. கைகட்டி வேடிக்கை பார்க்கும் கூட்டம் போல் நல்ல அணுக்கள் நீலமாக நிற்க, நடுவே கெட்ட அணுக்கள் ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு வளையம்.

"இருக்கு. அந்தப் புது மருந்தைக் கொடுக்கலாம். போய்ச் சொல்லு."

காலையில் கத்திய மனிதர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். வாயாடிக்கு அப்போதுதான் உறைத்தது. தான் சொன்னபடி இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால்?

திரும்பி வந்ததும், "உங்களுக்குத்தான் மேடம் அந்தக் கும்பிடு" என்றாள் மனசார. அப்புறம் வாய் சும்மா இருக்குமா? "ஆனா, உங்க அவரு தீர்ந்துட்டாரு. விடுங்க, நாளைக்கே வேற ஒருத்தரைப் பாத்துடலாம்!"

டாக்டரம்மாவும் சிரித்தார். காலியான கட்டையைத் துடைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாக்கணும்தான். ஆனா இவரு மாதிரி அமையணுமே. இவரு இருந்தப்போ இந்த மருந்தே வரலை. 'எனக்குத்தான் உதவலை, அடுத்தவங்களுக்காவது உதவட்டும், கட்டியைத் தூக்கிப் போட்டுடாதே'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

"உங்ககிட்டயா சொன்னாரு? அவ்வளவு பழக்கமா மேடம்? பேரு என்ன?"

"நல்லாக் கேட்டே போ" என்றார் டாக்டரம்மா. "வீட்டுக்காரரைப் பேர் சொல்லியா கூப்பிடறது?"