சீல் வைத்த கருவாடு

"அக்கா, வந்துட்டாருக்கா! கையில பொட்டியோட படகுலேர்ந்து எறங்கறாரு!"

ஏரிக்கரையிலிருந்து குப்பத்துக்கு ஓடி வந்ததில் மனோரமாவுக்கு மூச்சு வாங்கியது. செல்வம்மாள் மடவைக் கருவாட்டைப் பாயில் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வரட்டுமே. ஆபீசருக்கு இன்னா, கொம்பா மொளச்சிகீது?"

"உனக்கு வெளையாட்டு. எளாவூர் செக்போஸ்ட்ல நம்ம மூட்டைங்கள மடக்கிட்டாங்களாம். மெட்ராஸ்ல ஏதோ ஆஸ்டல்ல கருவாடு துன்ன புள்ளைங்க வாந்தியும் கைகால் இழுப்புமா கெடக்குதாம். மருந்து கீதுன்னு கண்டுபுடிச்சிட்டா அல்லாத்தையும் பொதச்சிடுவாங்கக்கா!"

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. ஐப்பசியில் மீன் சரியாகக் காயாது. ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். கொசு மருந்து அடிக்க வந்தவர்கள் விட்டுப்போன வெள்ளைப் பொடியை மேலே தூவினால் ஒரு ஈ கிட்டே வராது. குப்பத்துப் பெண்கள் எல்லாரும் தூவினார்கள். மனோரமாவும் தூவியிருந்தாள். அவள் வாசலில் நான்கு மூட்டை நின்றது. அது போனால் மழைக்காலம் முழுக்க அடுப்பு எரியாது.

சுகாதார ஆய்வாளர் திருவேங்கடம் மெலிந்த மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார்.

"விக்கிற சரக்குல கொஞ்சம் எடுங்கம்மா. மெட்ராஸுக்கு அனுப்பிச் சோதிக்கணும்."

மனோரமாவின் மூட்டைதான் அவருக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கை அதை நோக்கிப் போனது.

"அத்த வுடு சார், அது பழசு. நேத்து காஞ்சது தர்றேன்" என்று செல்வம்மாள் குறுக்கே வந்தாள். உள்ளே போய் ஒரு கூடையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதிலிருந்து எடுத்து மூன்று பாட்டில்களில் போட்டு, அரக்கை உருக்கிச் சீல் வைத்தார்.

"இதுல மருந்து கிருந்து தூவுறது உண்டா?"

"உப்பு வாங்கவே வக்கு இல்ல சார். மருந்துக்கு எங்க போவோம்?"

பெண்கள் சிரித்தார்கள்.

"இந்தக் குப்பத்துல எந்தப் பிள்ளைக்காவது இழுப்பு வந்திச்சா?"

எல்லார் கண்ணும் செல்வம்மாள் பக்கம் போயிற்று. போன மழைக்காலத்தில்தான் அவள் மகன் பூபதி மூன்று நாள் வெட்டி வெட்டி இழுத்துச் செத்துப்போனான். ஆறு வயசு.

"எம் புள்ளதான் சார்" என்றாள் அவள். "ஆனா அது வேற. இந்த விக்கிற சரக்க அவன் வாயில வெச்சதே கெடையாது."

அவள் குரலில் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை. அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் காகிதத்தை நீட்டினார். சாட்சிக்கு மனோரமா கைநாட்டு வைத்தாள்.

படகு கண்ணுக்கு மறைந்ததும் அவள் செல்வம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா ஆவப்போவுது?"

"ஒண்ணும் ஆவாது. அந்த பாட்டில்ல ஒரு பொட்டு மருந்து இருக்காது."

"எப்டிக்கா? அல்லாரும் ஒண்ணாத்தான தூவனோம்?"

"கேக்காத. உனக்குத் தெரிஞ்சா உம் மூஞ்சியே ஊருக்குச் சொல்லிடும்."

மூன்று வாரம் போயிற்று. ஏரியில் படகுச் சத்தம் கேட்டால் மனோரமா வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை.

"துன்னுடி. ஆபீசர் வர்றதுக்குள்ள நீயே காஞ்சி கருவாடாப் பூடுவ போலகீது" என்று செல்வம்மாள் கேலி செய்தாள்.

நான்காவது வாரம் அவர் வந்தார். பெண்கள் கூடினார்கள். அவர் காகிதத்தைப் பிரித்தார்.

"மருந்து இருக்கும்மா. கொஞ்சநஞ்சம் இல்ல. சின்னப் பிள்ளைங்க உடம்பு தாங்காத அளவு."

"அலம்பி ஆக்கினா பூடும் சார்!" என்று ஒருத்தி கத்தினாள்.

"போகாதும்மா. தூவின பாயில, மணல்ல, உங்க கையில எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்கும். அடுத்தாப்பல அதே இடத்துல எதைக் காயவெச்சாலும் ஏறிடும். இருக்கிற சரக்கைப் புதைச்சுத்தான் ஆகணும். உயரமா மேடை கட்டித் தரச்சொல்லி மேல எழுதியிருக்கேன். இனிமே அதுல உப்பு கூடப் போட்டு, வலை மூடிக் காயவைங்க."

அழுகையும் சாபமும் எழுந்தன. மனோரமா செல்வம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஒரு பொட்டு இருக்காதுன்னியே பாவி! இப்போ நாங்க இன்னாத்தத் துன்றது?"

செல்வம்மாளின் காதில் அது விழவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. சட்டென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து ஓடினாள். சரக்கை ஒளிக்கத்தான் ஓடுகிறாள் என்று நினைத்து மனோரமாவும் பின்னால் ஓடினாள்.

உள்ளே, அவளுடைய நான்கு வயசு மகள் லோகநாயகி கருவாடும் சோறும் இருந்த தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். செல்வம்மாள் தட்டை எட்டி உதைத்தாள். குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள்.

"துப்பு! துப்புடி! அல்லாத்தையும் துப்பு!"

குழந்தை வீறிட்டது. மனோரமா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"பைத்தியமா புடிச்சிகீது உனக்கு? பெத்த புள்ளைய இன்னா பண்றே?"

செல்வம்மாள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவள் பற்கள் கிட்டித்தன.

"அந்தாளு சீல் வெச்சி எடுத்துனு போனது விக்கிற சரக்கு இல்ல, மனோ... எம் புள்ளைங்களுக்குன்னு மருந்து படாம நான் தனியாக் காயவெச்சினு வந்தது."