புதுத்தோல்

எண்ணூர் ஆய்வகத்தில் எலிக்கூண்டுகளைக் கழுவுவது மங்கையின் வேலை. எலிகளின் முதுகில் தோலை வெட்டிப் புண்ணாக்கி, மனிதச் செல்லில் தயாரித்த மருந்தைத் தடவுவார்கள்.

இன்று ஓர் எலிக்குப் புண் ஆறியிருந்தது. புதுத்தோலில் பச்சை குத்தியிருந்தது: ‘மங்கை’, கீழே ஒரு மீன். இறந்துபோன கணவன் தண்டபாணியின் நெஞ்சில் இருந்த அதே பச்சை.

கூண்டை, ஆய்வை நடத்தும் வினிதா மேடத்தின் மேஜையில் ஓங்கி வைத்தாள். “இது யாரு செல்லு?”

“செத்தவங்க யாரோ தானமா கொடுத்ததும்மா.”

“தானமா? ஹார்பர்ல செத்தவர மூட்டையா கட்டி, தொறக்காதன்னு சொல்லிக் குட்த்தாங்க. எப்ப மேடம் அவரு தானம் பண்ணாரு?”

மங்கை மற்றக் கூண்டுகளையும் திறந்து முதுகுகளைப் படித்தாள். சிலுவையம்மாள். ரூத். ஜோதிகா. எல்லோரும் அன்று கணவனின் உடலுக்காக அவளோடு பிணவறை வாசலில் நின்றவர்கள்.