மேலே திறக்கும் கதவு

பகல் சோற்றில் கைவைக்காமல் முத்தலிபு போனுக்குள் இறங்கியிருந்தார்.

போனுக்குள் ஒரு சிவப்புக் கார். இத்தாலியில் செய்தது. இரண்டே சீட். கதவு பக்கவாட்டில் திறக்காது. கோழி செட்டை விரிப்பது மாதிரி மேலே போகும்.

கொழும்பில் எங்கோ ஒரு மதிலில் முட்டி மூக்குச் சப்பிப்போயிருந்தது. காப்புறுதிக்காரர்கள் அதை 'உள்ளது உள்ளபடி' ஏலத்தில் போட்டிருந்தார்கள். உள்ளது உள்ளபடி என்றால், உள்ளே என்ன என்று கேட்காதே என்று அர்த்தம்.

ஏலம் முடியப்போகிறது. மற்றவர்கள் எல்லாரும் கழன்றுவிட்டார்கள். முத்தலிபுவும் இன்னொருவனும் மட்டும் மிச்சம்.

இன்னொருவனுக்குப் பெயர் இல்லை. திரையில் வெறும் இலக்கம்தான்: நாற்பத்தொன்று.

முத்தலிபு விலையை ஏற்றினார். கண் மூடித் திறப்பதற்குள் நாற்பத்தொன்றும் ஏற்றினான்.

"கொழும்புக் கள்ளன்! இவனுக்கு இந்தக் காரப் பத்தி என்னமோ தெரிஞ்சி ஈக்கி," என்று குசினிப் பக்கம் சத்தம் போட்டார்.

"ஒண்டும் தெரியாமலும் ஈக்கலாமே," என்றாள் உள்ளே மீன் பொரித்துக்கொண்டிருந்த மனைவி ஜெமீலா. "நீங்க விடுங்களேன்."

அவள் அப்படிச் சொல்வதற்கு வளவுக்குள் இரண்டு காரணங்கள் நின்றன.

முதல் காரணம் ஒரு ஜெர்மன் கார். அது வந்திறங்கிய அன்று கனமூலை ஊரே கூடி நிற்க, முத்தலிபு முன்மூடியைத் திறந்தார். எஞ்சின் இல்லை. தலையில் கைவைத்துக் குந்திவிட்டார். இந்த மாதிரிக் காருக்கெல்லாம் எஞ்சின் பின்னால்தான் இருக்கும் என்று பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் தேற்றினார். பின்னால் போய்த் திறந்தார்கள்.

அங்கேயும் இல்லை.

இரண்டாவது காரணம், வெள்ளத்தில் கிடந்த ஜீப். படத்தில் கழுவித் துடைத்துப் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. ஏசியைப் போட்டதும் முத்தலிபுவின் முகத்தில் சேற்றைத் துப்பியது. இப்போது அதன் பின்சீட்டில் கோழிகள் முட்டையிடுகின்றன. முன்சீட் அவற்றுக்கும் பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் முத்தலிபு கருவாட்டு வியாபாரி. மேலே பாரையையும் அடியில் குப்பையையும் வைத்துக் கட்டிய மூட்டையை, அவிழ்க்காமலே கண்டுபிடித்துவிடுவார். கல்பிட்டியிலிருந்து சிலாபம் வரை அவருக்குத் தண்ணீர் காட்டியவன் கிடையாது. கார் என்று வந்தால் மட்டும் மேல் அடுக்கோடு நின்றுவிடும் மனிதர்.

இந்த முறை காசு எங்கிருந்து வருகிறது என்பது ஜெமீலாவுக்குத் தெரியும். மகளுக்குக் கட்டும் வீடு சுவரோடு நிற்கிறது. கூரை போட வைத்த காசு அது. கூரையைப் பார்த்துத்தான் கலியாணத்துக்கு நாள் வைப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சிரித்துக்கொண்டு சொன்னதுதான் பயம்.

"ஒரு மாசத்துல வித்து ரெட்டிப்பாக்குறன் புள்ள. வெளிநாட்டு வாகனம் எறக்குறத அரசாங்கம் நிப்பாட்டி ஈக்கிற நேரம். நாலு சில்லு ஈந்தாலே பவுண்!"

"இதுக்கு எத்தின சில்லு?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்று தெரிந்தது. நான்காவது புல்லுக்குள் இருக்கக்கூடும்.

ஏற்றினார். நாற்பத்தொன்று ஏற்றினான்.

"இவனுக்கு ஊட்டுல கேக்க ஆள் இல்லயா?"

"ஆள் ஈந்தாலும், சொன்னாக் கேட்டாத்தானே," என்றாள் ஜெமீலா.

மறுபடி ஏற்றினார். மறுபடி அவன். குசினியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. முத்தலிபுவின் மூக்கு வேறு வேலையில் இருந்தது.

இனி ஏற்றுவதென்றால் கூரைக் காசு போதாது.

"கருவாட்டு லொறிய வித்தா இன்னும் ஒரு தரம் கேக்கலாம்," என்றார், பாதி அவளுக்கும் பாதி தனக்குமாக.



"அல்லாவுக்காக உட்டுடுங்க." அவள் குரல் நடுங்கியது. "அவனே எடுத்துத் தொலையட்டும்."

முப்பது வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலை முத்தலிபு அதிகம் கேட்டதில்லை. விரல் போனுக்கு மேலே நின்றது. சுவரோடு நிற்கும் வீடு ஞாபகம் வந்தது. லொறி ஞாபகம் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

நெஞ்சுக்குள் காற்று வந்த மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கார் அவரை ஏமாற்றவில்லை. நாற்பத்தொன்றை நினைத்தால் பாவமாகக்கூட இருந்தது. முட்டாப்பயல். எந்த அப்பாவிக் குடும்பத்தின் வயிற்றில் அடித்தானோ.

பாராட்டு வாங்கக் குசினிக்குப் போனார்.

சட்டியில் மீன் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. ஜெமீலா பலகையில் குந்தியிருந்தாள். அவள் கையில் அவளுடைய போன். அதன் திரையில் கலியாண வீட்டில் தூவுகிற மாதிரி கலர் கலராக என்னவோ சொரிந்தது. நடுவில் நாற்பத்தொன்று.

"போன வருசம் என்ட பேர்லயும் ஏலத்துக்குக் கட்டுப்பணம் கட்டி, ஒரு கணக்குத் தொறந்து தந்தீங்களே," என்றாள். தலை நிமிரவில்லை. "ரெண்டு கையால கேக்க லேசி எண்டு."

முத்தலிபு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"வெலய ஏத்தினா யாவாரத்துல ஆள் போயிடும், சாமான் கடையிலயே ஈக்கும். அப்பிடித்தானே நம்மட வழக்கம்? நீங்க போயிடுவீங்க எண்டுதான் ஏத்தின."

அவர் எட்டிப்போய் அடுப்பை அணைத்தார்.

ஜெமீலா போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"ஏத்துறதுக்கு எங்க அமத்துற எண்டு மட்டுந்தான் அண்டைக்குக் காட்டித் தந்த. விடுறதுக்கு எங்க அமத்துற?"