மேசை மேல் இரண்டு விரல்

கூடத்து ஜன்னல் வழியே விழும் காலை வெயிலில், காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய நர்ஸ் எடை மெஷினைத் தரையில் வைத்து, முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறாள். எடைக்கல், தராசு சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவும் கூடவே குனிந்து பார்க்கிறார். "பிரஷர் இருக்குன்னு சொல்லிடாதீங்கப்பா, பிரீமியம் எகிறிடும்," என்று மகன் அவர் காதில் கிசுகிசுக்கிறான். அப்பா விருட்டென்று நிமிர்கிறார். "மறைச்சு வாங்குனா திருட்டுடா அது. ஊரே சேர்ந்து போடுற பணம். தராசுத் தட்டுல விரலை வைக்கிறவனுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்? கையும் களவுமா பிடிச்சா, 'ஆடாம இருக்கப் பிடிச்சேன் சார்'னு கூசாம சொல்வான். சர்வீஸ் பூரா கேட்டவன்டா நான்!" தெருவுக்கே கேட்கும் குரலில் பிரஷரைச் சொல்கிறார்; யாரும் கேட்காமலே மூலத்தையும் சொல்கிறார். மகன் தலையில் கைவைத்துக்கொள்கிறான். "எடை பாத்துடலாம் சார்," என்கிறாள் நர்ஸ். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறார். சாவிக்கொத்து, சில்லறை, கண்ணாடிக்கூடு எல்லாம் மேசைக்குப் போகின்றன, கடைசியில் கண்ணாடியும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறுகிறார். முள் விறுவிறுவென்று தொண்ணூறைத் தாண்டிப் போய், என்னவோ நினைத்துக்கொண்டதுபோல் மெல்லத் திரும்பி எண்பத்து நான்கில் நிற்கிறது. சமையலறை வாசலில் அம்மா வாயைப் பொத்திக்கொள்கிறாள். மகன் முள்ளைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பை அழுத்தி அழுத்தி நகம் வெளுத்துப்போன இரண்டு விரல்களைப் பார்க்கிறான். "அப்பா, கை." விரல்கள் மேலே எழ, முள்ளும் கூடவே ஏறுகிறது. அப்பா சுவரைப் பார்த்துச் சொல்கிறார்: "ஆடாம இருக்கப் பிடிச்சேன்டா."