ஆறு டப்பா

“அரிசிக் கடையில சம்பளம் வாங்கிட்டு அரிசி திங்க மாட்டேங்கீரே, வெக்கமா இல்லையாவேய்?”

திங்கட்கிழமை காலையிலேயே திரவியம் ஆரம்பித்துவிட்டார். ஆரியசாலைக் கடைத்தெருவில் அந்த மொத்த அரிசிக் கடை அவருடையது. கணக்குப்பிள்ளை தாணுமாலயன் கடை ஃபிரிட்ஜில் ஆறு டப்பாக்களை அடுக்கினார். ஒவ்வொரு மூடியிலும் கிழமை எழுதி ஒட்டியிருந்தது.

“சர்க்கரைக்குச் சோறு ஆகாதுல்லா. ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே செஞ்சு வச்சிட்டா, சோத்து மேல மனசு போகாது முதலாளி.”

“சனிக்கிழமை நீரு இருப்பீரான்னே தெரியல. சனிக்கிழமைக்குத் தோரன் ரெடி!”

மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

திரவியத்தின் கால் கட்டைவிரலில் கட்டு. சர்க்கரை முந்நூறைத் தாண்டி, புண் ஆறவில்லை. இரண்டு மாதத்தில் குறையாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் ராஜஸ்ரீ சொல்லியாகிவிட்டது. மனைவி பகவதியம்மாள் சோறில்லாமல் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். கேரியர் திறக்காமலே வீடு திரும்பியது.

“பத்து வயசுல இந்தத் தெருவுல சாக்குத் தூக்குனவன் நான். முதலாளியே சோறு திங்கலைன்னா எவன்டீ எங்கிட்ட அரிசி வாங்குவான்?”

அவள் அதோடு விட்டுவிட்டாள். கேரியரில் மறுபடி சோறு வந்தது.

மத்தியானம் தாணுமாலயன் டப்பாவைத் திறந்தார். அவித்த முட்டை, தேங்காய் போட்டு வதக்கிய பயறு தோரன், வறுத்த அயிலை மீன்.

திரவியத்தின் கை நீண்டது. யார் சாக்கைக் கண்டாலும் கேட்காமல் ஒரு பிடி அள்ளிப் பார்க்கிற அரிசி வியாபாரியின் கை அது.

“வேண்டாம் முதலாளி. எனக்கே அளவாத்தான் இருக்கு. தர மாட்டேன்.”

“எனக்கே தர மாட்டீரா? கொண்டாரும்வேய் இங்க!”

முட்டை போயிற்று. மீன் போயிற்று. தோரனை வழித்து நக்கினார்.

“மாட்டுத் தீனிதான். ஆனா உம்ம வீட்டுக்காரிக்குக் கைப்பக்குவம் இருக்குவேய். எனக்கும் ஒருத்தி வாய்ச்சிருக்காளே! ஞாயித்துக்கிழமையானா கோயிலுக்குன்னு போயி மத்தியானம்தான் வீட்டுக்கு வருவா. அவளுக்கு எங்க வரும் இப்படி ஒரு தோரன்?”

வயிறு நிறைந்துவிட்டது. கேரியர் சோறு சுமட்டுக்காரன் தங்கபாண்டிக்குப் போனது.

மறுநாளும் அதே கூத்து. அதற்கு மறுநாளும். தாணுமாலயன் ‘தர மாட்டேன்’ என்பார், டப்பா காலியாகும்.

இரண்டு மாதம் கழிந்தது. டாக்டர் ராஜஸ்ரீ ரிசல்ட்டைப் பார்த்தாள். நூற்று நாற்பது. விரலைப் பார்த்தாள். புண் மூடியிருந்தது.

“அங்கிளே, சோறு குறைச்சாச்சு, இல்லே?”

“யாரு, நானா? இது உழைச்ச உடம்பும்மா. டயட்டெல்லாம் என் கணக்குப்பிள்ளை மாதிரி சோப்ளாங்கிகளுக்கு!”

மீசையை முறுக்கிக்கொண்டு கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். மணி மூன்று. எதிரே ஓட்டலுக்குள் பார்த்தவர் அப்படியே நின்றார்.

தாணுமாலயன்! இலை நிறையக் குத்தரிசிச் சோறு. மேலே சாம்பார், நொறுக்கிய பப்படம். பக்கத்தில் ஒரு கிண்ணம் பாயசம் வேறு.

“சபாஷ்வேய்!” திரவியம் போட்ட சத்தத்தில் ஓட்டலே திரும்பிப் பார்த்தது. “கடையில விரதம், இங்க விருந்தா? யாரை ஏமாத்துறீரு? உம்ம சர்க்கரையையா, என்னையா?”

தாணுமாலயன் பிசைந்த கையோடு எழுந்தார்.

“எனக்குச் சர்க்கரையே கிடையாது முதலாளி.”

“பின்ன எதுக்குவேய் அந்த ஆறு டப்பா? வீட்டுக்காரியைப் போட்டு வதைக்கவா?”

“அது அவ சமையல் இல்ல. ஞாயித்துக்கிழமைதோறும் அக்கா எங்க வீட்டுக்கு வந்து, ஆறு நாளைக்கும் செஞ்சு அடுக்கி வச்சிட்டுப் போவாங்க.”

“எந்த அக்கா?”

தாணுமாலயன் இலையைப் பார்த்தார். பிறகு முதலாளியின் கட்டைவிரலைப் பார்த்தார்.

“பகவதியம்மாக்காதான் முதலாளி. ‘கொடுத்தா தொட மாட்டாரு. தர மாட்டேன்னு மட்டும் சொல்லும், பிடுங்கித் தின்னுருவாரு’ன்னாங்க.”