மதினியின் பக்கம்

குழந்தை விழித்துவிட்டது.

அவள் அசையவில்லை. கண்களை முக்கால்வாசி மூடி, இமைகளின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் மீன்காரரின் ஹாரன் தூரமாகப் போனது. அந்தச் சத்தம்தான் எழுப்பியிருக்க வேண்டும்.

தரையில் விரித்த மெத்தை. நடுவில் குழந்தை. இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் ரோஸ்லின் மதினி, அவளுடைய அண்ணனின் மனைவி. மதினியும் கண்ணை மூடித்தான் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

இருவரும் பேசி வைத்திருந்தார்கள். குழந்தை மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தால் யாரும் கூப்பிடக் கூடாது. கை நீட்டக் கூடாது. அதுவாக எந்தப் பக்கம் போகிறதோ போகட்டும்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விமானம்.

மஸ்கட்டில் நர்ஸ் வேலை. பிரசவ விடுப்பு முடிந்துவிட்டது. கணவனுக்கும் அங்கேதான் வேலை. இருவருக்கும் இரவு பகல் பாராத ஷிப்ட். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆளில்லை. இங்கே ரோஸ்லின் இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளை பிறக்காத ரோஸ்லின்.

குழந்தை புரளத் தொடங்கிய அன்றே கட்டில் ஹாலுக்குப் போனது. தரையில் படுத்த முதல் நாள் மதினி இரண்டு பக்கமும் தலையணைகளை அணை மாதிரி அடுக்கினாள். அவள் எடுத்துப் போட்டாள். முகம் புதைந்தால் அதற்கு விலகத் தெரியாது என்றாள். சுவருக்கும் மெத்தைக்கும் இடையே இடுக்கு கூடாது. கனத்த போர்வை கூடாது. தாலிச் செயினில் மாட்டியிருக்கும் ஊக்குகளைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். தலைமுடியை அள்ளி முடிய வேண்டும். உறங்கியதும் தலைக்கு அடியிலிருந்து கையை உருவி, மல்லாக்கக் கிடத்த வேண்டும்.

"கட்டிலோட சேத்து உங்க அண்ணனையும் ஹாலுக்குத் தள்ளிட்டே," என்றாள் ரோஸ்லின். "தலகாணி இல்லாமப் படுத்து எனக்குக் கழுத்து புடிச்சிட்டு. உன் பிள்ள மட்டும் கலெக்டர் கணக்கா தூங்குது."

சொன்னாளே தவிர, ஒன்றைக்கூட விடவில்லை.

முதலில் குழந்தை மதினியின் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. தூக்கினால் முதுகை வளைத்து வீறிட்டது.

நைட்டி யோசனை அவளுடையதுதான். வார்டில் பார்த்திருக்கிறாள். பிறந்த குழந்தைகூட அம்மாவின் வாசனை இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பும். அதனால் தான் உடுத்திக் களைந்த நைட்டியைத் துவைக்காமல் தினமும் மதினிக்குக் கொடுத்தாள். வியர்வையும் பாலும் ஊறிய நைட்டி. ரோஸ்லின் முகம் சுளிக்காமல் மாட்டிக்கொண்டாள்.

மெல்ல மெல்லக் குழந்தை உறக்கத்தில் அந்தப் பக்கம் புரண்டது.

கணவன் போனில் கேட்டான். "மதினிகூட செட்டாயிட்டு," என்றாள். நல்ல செய்தியைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

இன்று மட்டும் ஏமாற்றினாள்.

துவைத்துக் கொடியில் காய்ந்த நைட்டியை எடுத்துக் கசக்கிச் சுருட்டி, களைந்தது போல் ஆக்கி மதினியிடம் நீட்டினாள். நேற்று உடுத்தியதைத் தானே மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

என்னிடம் வந்துவிட்டால் போக மாட்டேன்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தை புரண்டு கவிழ்ந்தது. தலையைத் தூக்கியது. இத்தனை நாளும் அவ்வளவுதான் முடிந்தது. அதற்குமேல் போக முடியாமல் அழும்.

இன்று அழவில்லை. கைகளை ஊன்றியது. முட்டி மடங்கியது. பின்பக்கம் மேலே எழுந்தது. ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் போல முன்னும் பின்னும் ஆடியது.

பிறகு ஒரு கை முன்னால் வந்தது.

அவள் பக்கம்.

ஒரு முட்டி வந்தது. ஈரமான விரல்கள் அவள் தாடையில் பட்டன. மூக்கைப் பிடித்தன. விட்டன.

அவளால் முடியவில்லை. கண்களைத் திறந்துவிட்டாள். சத்தமில்லாமல் உதடுகளைக் குவித்தாள். விரல்களை அசைத்துக் கூப்பிட்டாள்.

குழந்தை அவளைப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்தால் சிரிப்பது போல் சிரித்தது.

பிறகு திரும்பியது.

மெத்தையின் நடுவைத் தாண்ட அதற்கு நேரமாயிற்று. ஒருமுறை முகம் குப்புற விழுந்தது. தானே எழுந்தது. மதினியை எட்டியதும் அவள் நைட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, கைக்குள் தலையை நுழைத்துப் படுத்தது. பெரிய வேலை முடிந்தது போல் மூச்சு விட்டது.

ரோஸ்லின் கண்களைத் திறக்கவில்லை. இமைகளின் ஓரம் நனைந்திருந்தது.

குழந்தை மறுபடி உறங்கிப்போனது. கையை உருவச் சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் ரோஸ்லின் கையை உருவி, குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, முகத்தருகே சுருண்டிருந்த துணியை விலக்கிவிட்டிருந்தாள்.

சொல்லித்தர இனி ஒன்றும் இல்லை.

ரோஸ்லின் எழுந்து உட்கார்ந்தாள். நைட்டியின் கழுத்தை இழுத்து முகர்ந்தாள். நிறுத்தி, இன்னொரு முறை முகர்ந்தாள். அங்கே சோப்பு வாசனை மட்டும்தான் இருக்கும்.



"ஏட்டி, உன் வாசந்தான் பிள்ளைய இழுத்துட்டு வந்திருக்கு," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. "இல்லைன்னா நான் யாரு அதுக்கு."

"ஆமா, மதினி."

குரல் சரியாகத்தான் வந்தது.